இரண்டு கையால்

"விசிட்டிங் கார்டை ரெண்டு கையாலயும் வாங்கணும் மொதலாளி. ஒடனே பையில போடாம வாசிச்சுப் பாக்கணும்," என்றார் மேனேஜர் காளீஸ்வரன்.

அந்தச் சிவகாசி அச்சகத்துக்கு முதல் ஜப்பான் ஆர்டர் வரப்போகிறது.

"சரிலே," என்றார் நல்லசிவம்.

"நம்மாளுக மாதிரி புள்ளைக எத்தனைன்னு கேட்டுராதீக. குடும்பப் பேச்சே கூடாது. அவுகளுக்குப் பிடிக்காது."

"எனக்குத் தெரியும்லே."

கார் வந்தது. ஜப்பான் கம்பெனியின் பெண் அதிகாரி இறங்கி, குனிந்து வணங்கி, முகம் நிமிராமலே கார்டை நீட்டினாள்.

நல்லசிவம் இரண்டு கையாலும் வாங்கி வாசித்தார். பிரீத்திகா. மகளுக்கு அவர் ஆசையாக வைத்த பெயர். முகத்தைப் பார்த்தார்; அவளேதான். காதல் கல்யாணம் செய்தாளென்று ஒன்பது வருஷத்துக்கு முன் அவர்தான் வீட்டைவிட்டு விரட்டினார். பெயருக்கு முன்னால் அவருடைய இனிஷியல் இல்லை.

பிள்ளைகள் எத்தனை என்ற கேள்வி தொண்டை வரை வந்தது.

"வாங்க மேடம்," என்றார்.