பீமன் ஏறாத வண்டி

பசியில் இருசப்பனுக்குக் காது அடைத்தது. நேற்று மத்தியானம் குடித்த கூழுக்குப் பிறகு பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை. வேப்பமரத்தடியில் நின்ற வேனுக்குள் வெள்ளைக்காரன் முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்ற, அந்த வாசனை நேராக வயிற்றில் இறங்கிப் பிராண்டியது.

வெள்ளைக்காரன் முட்டையும் ரொட்டியும் வைத்த தட்டை ஜன்னல் வழியாக நீட்டினான். இருசப்பன் பெரிய கும்பிடாகப் போட்டான்.

"வோணாம் தொரை. இப்பத் துன்னா ஊரே சேர்ந்து ஒதைக்கும்."

அன்று மானாம்பதி திரௌபதியம்மன் கோயிலில் பகாசுரன் திருநாள். பீமன் வேஷம் இருசப்பனுக்கு. வீட்டுக்கு வீடு கொடுக்கிற சோற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மைதானத்துக்குப் போய், பகாசுரன் கண்ணெதிரே பீமன் உட்கார்ந்து தின்ன வேண்டும். அதுவரை பட்டினி.

தின்றது போக மிச்சமெல்லாம் பீமன் வேஷக்காரன் வீட்டுக்கு. தனியாகக் கூலி கிடையாது. இருசப்பன் மூட்டை தூக்குகிற ரைஸ் மில், மோட்டார் எரிந்து பத்து நாளாக மூடிக் கிடந்தது. அவனுடைய நாலு பிள்ளைகளும் விடிந்ததிலிருந்து குண்டானைக் கழுவி வைத்துக்கொண்டு மைதானத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

வண்டிதான் பேஜாராகிவிட்டது. வருஷா வருஷம் வண்டி கட்டும் பஞ்சாட்சரத்தின் மாடு ஒன்று காலை ஊன்ற முடியாமல் நொண்டியது. அப்போதுதான் பள்ளிக்கூடத்து வாத்தியார் தாமோதரனுக்கு வேன் கண்ணில் பட்டது.

வெள்ளைக்காரன் மூன்று நாளைக்கு முன்னால் ஒண்டியாக வந்து இறங்கியவன். வேனுக்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே படுக்கை. இங்கிலாந்திலும் கோடை வந்தால் அவனுக்கு இதுதான் வேலையாம். ஒரு கிராமத்துக் கொல்லையில் திருவிழா முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போய்விடுவானாம்.

"பொண்டாட்டி புள்ள?" என்றான் இருசப்பன்.

"ஒருத்தரும் இல்லியாம்," என்றார் வாத்தியார்.

"அதான் மூஞ்சி அவ்ளோ தெளிவா கீது."

"வூட்டுக்கு வாய்யா, ஒன் மூஞ்சியையும் தெளிய வெக்கறேன்," என்றாள் பின்னால் நின்ற அவன் பெண்சாதி தேவகி.

வாத்தியார் வேனுக்குள் ஏறி அரை மணி நேரம் இங்கிலீஷ் பேசினார். இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெள்ளைக்காரன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தலையை ஆட்டியபடி நின்றான்.

"இன்னா வாத்தியாரே, ஒத்துக்கினானா?" என்று கேட்டார் பஞ்சாட்சரம்.

"ஒத்துக்கினானாவா? ஊரே சோறு ஏத்தப் போவுதுன்னதும் கண்ணு கலங்கிட்டான்."

அதற்குள் வெள்ளைக்காரன் துணி காயப்போட மரத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினான். நாற்காலியை மடக்கி உள்ளே வைத்தான். அடுப்பைத் துடைத்து மூடினான்.

"பாத்தியா, சோத்துக்கு எடம் பண்றான். வெவரமான ஆளு," என்றார் பஞ்சாட்சரம்.

வெயில் சாயும்போது மேளம் புறப்பட்டது. வேஷம் கட்டிய இருசப்பன் வேனில் ஏறப் பார்த்தான். கிரீடம் கதவில் இடித்தது.

"குனிஞ்சி ஏறுடா," என்றார் பஞ்சாட்சரம்.

"குனிஞ்சா கிரீடம் கயண்டுக்கும், ஐயா. அப்பறம் பீமன் இல்ல, மூட்ட தூக்கற இருசப்பன்தான்."

சிரிப்பு அடங்கியதும், பீமன் பின்னால் ஆடிக்கொண்டே வருவதென்று முடிவானது. வாத்தியார் முன் சீட்டில் உட்கார்ந்து வழிகாட்டுவதாக இருந்தது. நாலு வீடு தாண்டுவதற்குள் அந்தச் சீட்டிலும் களிச்சட்டி ஏறிவிட, அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

ஒவ்வொரு வாசலிலும் வெள்ளைக்காரன் இறங்கிக் கும்பிட்டு வாங்கினான். ராணியம்மாள் வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு, அடுத்த வீட்டில் மொச்சைக்கொட்டை, அதற்கடுத்து அண்டா நிறையப் பாயசம். இருசப்பன் பின்னால் ஆடிக்கொண்டே ஒவ்வொன்றையும் மனதுக்குள் தின்றான்.

தெருக்கோடியில் வேனுக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வெள்ளைக்காரன் எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினான். பீமனைக் கட்டிப் பிடித்ததில் அரிதாரம் அவன் சட்டையில் அப்பிக்கொண்டது. பிறகு ஏறி உட்கார்ந்து, ஹார்ன் அடித்து, புழுதி கிளப்பிக்கொண்டு போனான்.

"நீ ஆடிக்கினே வா. அவன் முன்னாடி போயி நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வாத்தியார் சைக்கிளில் தாவி வேன் பின்னாலேயே மிதித்தார்.

இருசப்பன் மைதானத்துக்குள் கதாயுதத்தைச் சுழற்றிக்கொண்டு நுழைந்தபோது ஊரே வட்டம் கட்டி நின்றது. நடுவில் மேடை. மேடையில் பகாசுரன் வேஷம் கட்டிய செங்கேணி பல்லைக் கடித்துக்கொண்டு குதித்தான்.

"எங்கேயடா பீமா, எனக்குச் சேர வேண்டிய ஒரு வண்டிச் சோறு?"

இருசப்பன் சுற்றிலும் பார்த்தான். பிள்ளைகள் இருந்தார்கள். குண்டான் இருந்தது. வேனைக் காணோம்.

காஞ்சிபுரம் ரோட்டுப் பக்கமிருந்து வாத்தியார் மூச்சு வாங்கச் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"நிக்காமப் போயிக்கினே கீறான்ப்பா! நான் கத்தக் கத்த கைய ஆட்டி டாட்டா காட்றான். சோத்த ஏத்திக்கோன்னு சொன்னேன். எங்க எறக்கணும்னு சொன்னேனா இல்லியான்னு எனக்கே தெரியல."

மேளம் நின்றது. பஞ்சாட்சரம் தலையில் கை வைத்தார்.

"அடப்பாவி, வழியனுப்பறோம்னு நெனச்சிக்கினானா?"

மேடையிலிருந்த செங்கேணிக்கு இது எதுவும் காதில் விழவில்லை. இன்னும் ஒரு தரம் தொண்டை கிழியக் கத்தினான்.

"எனக்குச் சேர வேண்டிய சோறு எங்கேயடா?"

இருசப்பன் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"கம்முனு கெட செங்கேணி. எனக்குத்தான்டா இந்த ஊரு ஒரு வண்டி சோறு பாக்கி!"