கிழிக்காத டிக்கெட்டுகள்

தம்பியின் கோட்டுப் பையில் மூன்று டிக்கெட்டுகளும் கிழிக்கப்படாமல் அப்படியே இருந்தன.

அக்கா போக்குவரத்துப் போலீஸ். பகல் முழுக்க நாலு ரோடு சந்திப்பில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்திவிட்டு, அப்போதுதான் வீட்டுக்குள் காலை வைத்திருந்தாள். யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. நாற்காலியில் சுருண்டு கிடந்த அவன் கோட்டை எடுத்து மாட்டப் போனாள். டிக்கெட்டுகள் கீழே விழுந்தன.

"மியூசியத்துக்கே போகலையாடா?"

"இல்லக்கா."

"அப்ப மீன் காட்சியகம்?"

"அதுவும் இல்ல."

தம்பி நிமிர்ந்து பார்க்காமல் குழந்தைகளின் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

இந்த ஒரு நாளுக்காக அவள் மூன்று வாரமாகத் திட்டம் போட்டிருந்தாள். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு நாலு. குளிர்கால விடுமுறை. கணவனுக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒரு தடவைதான் வருவார். அதனால் தானே லீவு எடுத்து, தானே அழைத்துப் போவதாக இருந்தாள். ஒரு காகிதத்தின் உச்சியில் 'அவசரமே இல்லாத நாள்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். அதற்குக் கீழே: பத்து மணி, மியூசியம். பதினொன்று நாற்பது, கழிப்பறை. பதினொன்று ஐம்பது, சாப்பாடு.

"அக்கா, இது நிதானமா ஊர் சுத்தற பிளானா, ரயில்வே டைம்டேபிளா?" என்று தம்பி அன்றைக்கே கிண்டல் செய்தான்.

நேற்று சாயங்காலம் போன் வந்தது. கூட வேலை பார்ப்பவருக்குக் காய்ச்சல், லீவு ரத்து. கெஞ்சிப் பார்த்தாள், அதிகாரி மசியவில்லை. சின்னவன் அழுதுகொண்டே தூங்கிப் போனான்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். இன்றைக்கு அவனுக்கு வார விடுமுறை. விடுமுறை என்றால் மத்தியானம் வரைக்கும் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டாத ஆசாமி. வேறு வழியில்லாமல் காகிதத்தையும் டிக்கெட்டுகளையும் அவன் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

"எங்கதான் போனீங்க?"

"ஒரு ரொட்டிக் கடைக்கு."

"சரி, அப்புறம்?"

"அங்கேயேதான்."

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்குமா?"

"வெளியில பல்லு கிட்டிப் போற குளிருக்கா. மாடியில ஹீட்டர் கதகதன்னு இருந்துச்சு. பால் வாங்கிக் குடுத்தேன், கேக் வாங்கிக் குடுத்தேன். அப்படியே உட்கார்ந்துட்டோம்."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"உட்கார்ந்துட்டீங்களா! பச்சைப் புள்ளைங்களை ஒரு கடையில உட்கார வச்சுட்டு, நீ பாட்டுக்குப் போனை நோண்டிட்டு இருந்திருப்பே! நடுரோட்டில விறைச்சுப் போய் நிக்கிறேன்டா நான். 'இந்நேரம் டைனோசர் எலும்பைப் பார்த்துட்டிருக்கும், இந்நேரம் மீன் தொட்டிகிட்ட நிக்கும்'னு நினைச்சு நினைச்சுத்தான் இன்னிக்குப் பொழுதை ஓட்டினேன். உடம்பு நோகாம ஒரு நாள் மாமனா இருக்க முடியலையா உனக்கு?"

"தப்புதான்க்கா. டிக்கெட் மாசக் கடைசி வரைக்கும் செல்லும். அடுத்த வாரம் கட்டாயம்..."

"உன்னை நம்பியா? உனக்கு ஒரு கும்பிடு!"

"மாமாவைத் திட்டாதேம்மா!" என்று கத்தினான் சின்னவன்.

பெரியவள் பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினாள். "டேய்! சொல்லக் கூடாதுன்னு சொன்னாருல்ல?"

"என்ன சொல்லக் கூடாது?"

பெரியவள் மாமாவைப் பார்த்தாள். மாமா தலையைச் சொறிந்துகொண்டே, எங்கேயோ பல்பு மாற்ற வேண்டும் என்பதுபோல் கூரையைப் பார்த்தான்.

"நீ சொல்லுடி," என்றாள் அம்மா.

"மியூசியம் வாசல் வரைக்கும் போனோம்மா. இவன் உள்ளே வரவே மாட்டேன்னுட்டான். 'அம்மா இருந்தாத்தான் வருவேன்'னு தரையில உட்கார்ந்துட்டான். எனக்கும் அழுகையா வந்துச்சு. அப்பதான் மாமா, 'அழாதீங்க, அம்மாவைக் காட்டறேன் வாங்க'ன்னு பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போனாரு."

"என்னைக் காட்டறேன்னா?"

சின்னவன் அதற்குள் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டான். முதுகை நிமிர்த்தினான். வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து நிறுத்தினான். தலையைத் திருப்பி, இடது கையால் 'போ, போ' என்று வீசினான். அச்சு அசல் அவள் நிற்கிற மாதிரியே இருந்தது.

"உங்க சந்திப்பு முனையில இருக்கிற ரொட்டிக் கடைதாம்மா," என்றாள் பெரியவள். "மாடி ஜன்னல்லேருந்து நீ மட்டும்தான் பளிச்சுனு தெரிஞ்சே."

"நீ கை காட்டினா அவ்ளோ பெரிய லாரியும் நிக்குதும்மா!" என்றான் சின்னவன், கையை இறக்காமலேயே. "பஸ்ஸும் நிக்குது! எல்லாமே நிக்குது!"

அக்கா மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன்டா என்கிட்ட சொல்லலை?"

"தெரிஞ்சா அடிக்கடி அண்ணாந்து பார்ப்பே. வண்டி போற ரோடுக்கா அது," என்றான் தம்பி. "நாளைக்கும் வந்திருப்பாங்களோன்னு தேடுவே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. "இருந்தாலும் நாள் பூராவும் ஒரே இடத்துல... புள்ளைங்களுக்கு அலுப்பா இருந்திருக்கும்," என்றாள்.

"எங்களுக்கு ஒண்ணும் அலுப்பா இல்லம்மா," என்றாள் பெரியவள். "மாமாவோடதான் ஒரே தொல்லை. மாடிக்கு வர்ற ஒருத்தரை விடலை. எல்லாரையும் ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, 'அதோ நிக்கிறாங்கல்ல, அவங்க எங்க அக்கா'ன்னு காட்டிட்டே இருந்தாரு!"