கழற்றிய நட்சத்திரம்

“உன் மாமனாரு தெருமுனையில வந்துக்கினு இருக்காரும்மா,” என்றாள் பக்கத்து வீட்டுக் காந்திமதி.

ஜெர்லின் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். சர்ச்சுக்குப் போகிறவளைக் கட்டிக்கொண்டான் என்று மகனையே தலைமுழுகியவர் அவர். வாசலில் தொங்கிய கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை அவசரமாகக் கழற்றி, உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டாள்.

ஜன்னல் வழியே பார்த்தாள். ஒவ்வொரு வாசலையும் அண்ணாந்து பார்த்தபடி வந்தவர், இந்த வீட்டையும் கடந்து போனார். அவளுக்கு மூச்சு வந்தது.

கணவன் குமரகுரு போனில் அழைத்தான்.

“அப்பா வந்துட்டாரா? பேத்தியைப் பார்க்கணும்னு, அவரே நெய்த பட்டோட கிளம்பிட்டாரு. வீட்டுக்கு அடையாளம் கேட்டாரு. குழந்தை இருக்கிற இடத்தைக் காட்டத்தான் நட்சத்திரம்னு நீ சொல்லுவியே, அதையே சொல்லி அனுப்பிட்டேன்.”

தெருக்கோடியில் அவர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்.

ஜெர்லின் நட்சத்திரத்தை உயரத் தூக்கிப் பிடித்தபடி தெருவில் ஓடினாள்.