முதல் வாய்

யாரும் தட்டில் கை வைக்கவில்லை.

பிள்ளைகள் அத்தனை பேரும் குட்டி நாற்காலிகளில் நிமிர்ந்து உட்கார்ந்து, நீலாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் சோற்றுக்குப் பக்கத்தில் மொறுமொறுவென்று நெத்திலி வறுவல்.

எண்ணூரில் தொழிற்சாலை கட்ட வந்த கொரியாக்காரர்களின் பிள்ளைகளுக்காக, அவர்கள் குடியிருப்புக்குள்ளேயே நடந்த சின்ன ஆரம்பப் பள்ளி அது. நீலா அங்கே இங்கிலீஷ் டீச்சர். பிறந்தது திருவொற்றியூர், வாழ்க்கைப்பட்டது காசிமேடு. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தன் பெயரைக் கொரிய எழுத்தில் ஒட்டியிருந்த துணிச்செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டால், அங்கே அவள்தான் வெளிநாட்டு டீச்சர்.

மற்ற நாட்களில் டீச்சர்கள் அறையில் தனியாக டப்பாவைத் திறப்பாள். இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிள்ளைகளோடு சாப்பாடு. வெளிநாட்டு டீச்சர் வீட்டுச் சமையல் என்று கரும்பலகையில் எழுதி, சிரிக்கிற மீன் ஒன்றையும் வரைந்து வைத்திருந்தார்கள். பரிமாறி முடிக்கும் நேரத்தில் வகுப்பு டீச்சரை யாரோ ஃபோனுக்குக் கூப்பிட்டார்கள். நீலா தனியாக மாட்டிக்கொண்டாள்.

வறுத்தது அவள் இல்லை. அவளுடைய மாமியார் பவானி.

பவானி காசிமேட்டில் மீன் விற்கிறவள். மருமகள் வேலைக்குப் போவதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் இன்று விடியற்காலையில், ஏலத்தில் எடுத்த நெத்திலியில் நல்லதை விற்பனைக் கூடையில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி, காரத்தைப் பாதியாகக் குறைத்து வறுத்து, கேரியரை நீட்டினாள்.

"தோ பாரு நீலா, டப்பா காலியா வரணும். மீந்து வந்துச்சுன்னு வெச்சுக்கோ, நாளிக்கு நானே இஸ்கூலுக்கு வந்து ஊட்டி வுட்ருவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் தெரு முனைவரைக்கும் வந்து ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டது இதுதான் முதல் தடவை. இந்தக் கேரியர் அப்படியே திரும்பிப் போனால், அத்தை அப்புறம் எதையும் தேடிக்கொண்டு வந்து நீட்டமாட்டாள். நீலாவுக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

நீலா பிள்ளைகளைச் சாப்பிடச் சொன்னாள். பிள்ளைகள் அவளைக் கைகாட்டி, டீச்சர் சாப்பிடட்டும் என்றார்கள்.

வேண்டாததை நம் ஊரிலும் இப்படித்தானே மரியாதையாகத் தள்ளிவிடுவார்கள்! நீலா விடவில்லை. எல்லோர் தட்டிலும் இன்னும் கொஞ்சம் வைத்தாள். குவியல் உயர்ந்தது. பார்வை மட்டும் மாறவில்லை.

அவளுக்குப் பழக்கமான பார்வைதான் அது. சாயங்காலம் அவள் சாப்பிடும்போது அத்தையும் இப்படித்தான் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். எவ்வளவு சாப்பிடுகிறேன் என்று பார்க்கிறாளோ என்று கூச்சப்பட்டு, நீலா நாலே வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவாள்.

கடைசி வரிசையில் ஜுன் என்கிற பொடியன் மெல்ல ஒரு நெத்திலியை எடுக்கப் போனான். பக்கத்திலிருந்த மின்ஜி அவன் கையில் பட்டென்று ஓர் அடி போட்டாள்.

நீலா கேரியருக்குள் எட்டிப் பார்த்தாள். நாற்றமடிக்கிறதோ? உப்பு தூக்கலோ? வாயில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் விருந்தாளிகள் காத்திருக்கும்போது பரிமாறுகிறவள் முதலில் வாயில் போடுவதா? அவள் வீட்டில் யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள்?

கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். புடவைத் தலைப்பால் மறைத்து, ஒரே ஒரு நெத்திலியை வாயில் போட்டாள்.

உப்பு கொஞ்சம் குறைச்சல். மற்றபடி அருமை.

முதுகுக்குப் பின்னால் கடகடவென்று சத்தம். திரும்பினால், அத்தனை கரண்டிகளும் ஒரே நேரத்தில் தட்டில் இறங்கியிருந்தன. ஜுன் இரண்டு கன்னமும் உப்ப மென்றுகொண்டிருந்தான். தலைப்பு ஒருத்தரையும் ஏமாற்றவில்லை.

மின்ஜிதான் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினாள். பெரியவர் முதல் வாய் எடுத்த பிறகுதான் சின்னவர்கள் சாப்பிட வேண்டுமாம். டீச்சர் ஏன் இவ்வளவு நேரம் பட்டினி போட்டாள் என்றுதான் அவளுக்குப் புரியவில்லையாம்.

நீலாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. ஜுன் எழுந்து வந்து கேரியரின் அடித்தட்டில் கிடந்த தூளையும் வழித்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் பவானி காலி கேரியரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நீலாவுக்குச் சோறு போட்டுவிட்டு, வழக்கம்போல எதிரே உட்கார்ந்து பார்த்தாள்.

நீலா சோற்றைப் பிசைந்து வாய்வரைக்கும் கொண்டுபோனவள், நிறுத்தினாள்.

அத்தைக்குப் பின்னால், அடுப்பு மேடையில் ஒரு தட்டு மூடியிருந்தது. தினமும்தான் இருக்கும். தன் புருஷன் ரகுபதிக்கு எடுத்து வைத்தது என்றே அவள் நினைத்திருந்தாள். ரகுபதி போட்டில் போயிருக்கிறான். நாளை மறுநாள்தான் கரைக்கு வருவான்.

எழுந்து போய் மூடியைத் திறந்தாள். மத்தியானம் போட்ட சோறு, ஆறி விறைத்து, கை படாமல் இருந்தது. ஓரத்தில் நாலு நெத்திலி. அத்தையின் தட்டு.

அத்தை வேறெங்கோ பார்த்துக்கொண்டு, பசியில்லை என்று முனகினாள்.

நீலா அந்தத் தட்டைக் கொண்டுவந்து அத்தை முன்னால் வைத்தாள். தன் இடத்தில் உட்கார்ந்தாள். அத்தை பார்க்கப் பார்க்க, முதல் வாயை நிதானமாகச் சாப்பிட்டாள்.

பவானியின் கை தட்டில் இறங்கியது. ஒரு நெத்திலியைக் கடித்தவள், முகத்தைச் சுளித்தாள்.

"அடியே, உப்பே பத்தலயேடி. பாவம், எப்டிதான் துன்னுச்சுங்களோ அதுங்க."