உப்பில்லாத் தபசு

பாஸ்கா ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், அம்மா முதல் வேலையாக உப்புச் சாடியின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

தம்பிகள் இருவரும் கைதட்டினார்கள். அப்பாவின் முகம் செத்துப்போயிற்று.

காரணம் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

தபசு தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம், கால் வீங்கிப்போயிருந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தோம். டாக்டர் அப்பாவிடம் இங்கிலீஷில் பேசினார். சிறுநீரகம் கெட்டிருக்கிறது, இனி உப்பே ஆகாது, மீறினால் இந்த வருஷம் தாண்டுவது கஷ்டம் என்றார். கான்வென்டில் படித்த பாவத்துக்கு எனக்கும் எல்லாம் புரிந்து தொலைத்தது.

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "ரத்தம் கம்மியாம் லூர்து. டானிக் குடிச்சா சரியாப் போயிடுமாம்."

அவரைக் குறை சொல்ல முடியாது. புக்கிட் ரம்பாய் தோட்டத்தில் இருந்த பெரியம்மாவுக்கும் இப்படித்தான் கால் வீங்கியது. உப்பில்லாப் பத்தியம் போட்டார்கள். மாதம் திரும்புவதற்குள் போய்விட்டாள். பத்தியச் சோறு வந்தால் பின்னாலேயே பாடையும் வரும் என்பது அன்றிலிருந்து அம்மாவின் வேதம். உண்மையைச் சொன்னால் நோய்க்கு முன்னால் பயமே அவளைக் கொண்டுபோய்விடும்.

அப்பா தேவதாஸ், ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவர். பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அப்படிப்பட்ட மனுஷருக்கு, பாஸ்காவுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம்தான் கைகொடுத்தது.

நெற்றிச் சாம்பலோடு எங்களை வரிசையாக உட்கார வைத்து, இந்த வருஷம் நம் வீட்டில் எல்லாரும் உப்பை விடுகிறோம் என்று அறிவித்தார். வேறு வீடுகளில் மிட்டாயை விட்டார்கள், சுருட்டை விட்டார்கள். எங்கள் வீட்டில்தான் இப்படி.

அம்மா சிரித்தாள். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. சர்வேசுரனுக்குக் குப்பையவா கொடுக்கறது?"

ஆனாலும் சாடியைத் துணியால் இறுகக் கட்டினாள்.

முதல் வாரம் நரகம்தான். வெறும் கஞ்சி, வெறும் கீரை. காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி குடும்பம் பிளாச்சான் என்கிற இறால் விழுதைச் சுடும் நேரமாகப் பார்த்து பெரிய தம்பி வேலியோரம் போய் நின்று மூச்சிழுப்பான். ஞாயிற்றுக்கிழமை தபசு இல்லையென்று ஞானோபதேச வகுப்பில் படித்ததைச் சொல்லி வாதாடியும் பார்த்தான். அப்பா அசையவில்லை.

போகப் போக நாக்கு இறங்கி வந்தது. முருங்கைக்கீரைக்குள் ஒரு இனிப்பு இருந்தது. வெந்த சோற்றுக்கே தனி வாசனை இருந்தது. அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்த நாங்கள் மெல்ல மென்று சாப்பிடக் கற்றுக்கொண்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்கு அம்மா நடந்தே வந்தாள். மாதக்கணக்கில் காலில் நுழையாமல் கிடந்த செருப்பு அன்றைக்கு நுழைந்துவிட்டது. அப்பா வழியெல்லாம் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ விருந்து சாப்பிட்டாயிற்று. ஐந்து பேரும் ஒரே ருசியைச் சாப்பிட்ட அந்த நாட்களுக்குத்தான் மனசு இன்னும் ஏங்குகிறது.

இப்போது கர்த்தர் உயிர்த்துவிட்டார். அப்பாவிடம் இருந்த ஒரே சாக்கும் தீர்ந்துபோயிற்று.

அடுப்பில் கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா சாடிக்குள் கையை விட்டாள். அப்பா எழுந்தார். "லூர்து, கொஞ்சம் இரு..." என்றார். காது சிவந்துவிட்டது. 

அம்மா ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் குழம்பைத் தனியாக எடுத்து வைத்தாள். அப்புறம்தான் சட்டியில் உப்பைப் போட்டாள்.

"இது எனக்கு. மெர்டேக்கா வரைக்கும் உப்பு சேக்கறதில்லன்னு நேர்ந்துகிட்டேங்க."

தம்பிகளுக்குத் தலைகால் புரியவில்லை. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்கும் அந்த மெர்டேக்கா ஆகஸ்டு கடைசியில் என்று எங்கள் வீட்டில் யாருக்குத்தான் தெரியாது? போன வருஷம் பண்டார் ஹிலிர் திடலில் தேதியை அறிவித்தபோது கத்திய கத்தலில் அப்பாவுக்கு இரண்டு நாள் தொண்டையே இல்லை. எங்கள் அம்மா நாட்டுக்காக நோன்பிருக்கிறாள் என்று பெரியவன் வேலியோரம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

அப்பா மட்டும் மெதுவாகக் கேட்டார். "மெர்டேக்காவுக்கும் உப்புக்கும் என்னா சம்பந்தம்?"

"அத நானும் பாக்கணும்ல."

சொல்லிவிட்டுச் சின்னவன் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தாள்.

பெரியம்மாவின் காலைக் கடைசி நாள்வரை பிடித்துவிட்டவள் அவள்தான். அந்த வீக்கம் அவளுக்குத் தெரியாதா? தபசு முழுக்க அப்பா மறைத்துக்கொண்டிருந்தார். அவர் மனசு நோகக்கூடாது என்று அம்மாவும் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்பா தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அம்மாவின் கிண்ணத்திலிருந்து சோற்றுக்கு ஊற்றிக்கொண்டார். சாப்பிடும்போது அழுதார். கறி காரம் என்று தம்பிகளிடம் சொன்னார்.

மெர்டேக்காவை அம்மா பார்த்தாள். ஊர்வலம் போன தெருவோரத்தில் எங்களோடு நின்று கையாட்டினாள். வீட்டுக்குத் திரும்பும்போதே அடுத்த நேர்ச்சையையும் சொல்லிவிட்டாள். ஜெயாவுக்குக் கல்யாணம் ஆகும்வரை உப்பு இல்லையாம்.

ஜெயா நான்தான்.

அதற்குப் பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நல்ல பையன்கள். ஒருவனையும் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.