மேல்வரி மட்டும்

மருத்துவமனையின் கணினி அறையில் காலை வெயில் திரைமேல் சாய்வாக விழுகிறது. வாசலில் ஃபைல்களை மார்போடு அணைத்தபடி வார்டு நர்ஸ் நிற்கிறாள். "நேத்து வீட்டுக்குப் போனவங்க பேரை எடுத்தாத்தான் புதுசா வந்தவங்களுக்குப் படுக்கை குடுக்க முடியும். கொஞ்சம் சீக்கிரம், அக்கா." கணினிக்காரிக்குக் கை பரபரக்கிறது. அனுமார் வாலாகத் திரைக்கு வெளியே ஓடிய எஸ்க்யூஎல் கட்டளையை, கணினிப் பட்டியலை மாற்றச் சொல்லும் அந்த வரியை, கண்ணுக்குத் தெரியட்டுமே என்று இப்போதுதான் இரண்டு வரியாக மடித்திருக்கிறாள். நோயாளிகள் பட்டியலை அழி என்கிறது மேல்வரி. நேற்று வீடு திரும்பியவர்களை மட்டும் என்கிறது கீழ்வரி. மவுஸால் இழுத்து நீலமாக்கிய பகுதி மட்டும்தான் கட்டளையாக ஓடும். இழுக்கிறாள், ஓட்டுகிறாள். திரையில் வட்டம் சுற்றுகிறது, நிற்காமல் சுற்றுகிறது. பத்துப் பதினைந்து பெயருக்கு இவ்வளவு நேரமா? குனிந்து உற்றுப் பார்க்கிறாள். நீலம் மேல்வரியோடு நின்றுவிட்டிருக்கிறது. கீழ்வரி, அவள் அழகாக மடித்து வைத்த இடத்திலேயே வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. வட்டம் நிற்கிறது. நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் நீக்கப்பட்டன என்று திரை பணிவாகச் சொல்கிறது. "ஆச்சா அக்கா?" நர்ஸ் சிரித்தபடி உள்ளே வருகிறாள். "எல்லாரையும் அனுப்பிட்டீங்களா?"