பெட்ரோல் வாசனை

"ஒரு வார்த்த பேரம் பேசல. சாவிய வாங்கிக்கினு கெளம்பிட்டான். சரியான ஏமாளி!"

காலையில் பழைய காரை விற்றுவிட்ட சந்தோஷத்தில் சித்தூர் ஜெயச்சந்திரன் சிரித்தார்.

மனைவி வரலட்சுமிக்கு உறுத்தியது. "இதுல ஏமாற என்னங்க இருக்குது?"

"வண்டியில ரெகுலேட்டர் போயிடுச்சி. இன்ஜினுக்குப் போற பெட்ரோல் பிரஷர அளவா வெச்சிக்கிற பார்ட்டு அது. அதிகமா வர்றத டேங்குக்கே திருப்பி அனுப்பிடும். உள்ள இருக்குற ரப்பர் சவ்வு கிழிஞ்சிட்டுது. இப்ப பெட்ரோலு, காத்து இழுக்குற டியூப் வழியா இன்ஜின்ல எறங்குது."

"எறங்கினா?"

"கரும்பொக வரும். வாசன அடிக்கும்." குரலைத் தாழ்த்தினார். "அப்டியே ஓட்டினா ஒருநாள் தீப்புடிச்சாலும் புடிக்கும்னான் மெக்கானிக்."

"ஐயோ! பொண்டாட்டி புள்ளைங்களோட திருப்பதி போறேன்னாரே அந்த ரமணா! மொதல்ல போன் போடுங்க!"

போட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை.

"ஓட்டிக்கினு இருப்பான்..."

"மறுபடி போடுங்க!"

மறுபடியும் எடுக்கவில்லை. வாசலில் தீயணைப்பு வண்டி ஒன்று அலறிக்கொண்டு திருப்பதி ரோட்டுப் பக்கம் போனது. ஜெயச்சந்திரன் மறுபடி மறுபடி எண்ணை அழுத்தினார்.

வரலட்சுமி சாமி படத்தின் முன் போய் நின்றாள். "அந்தப் புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது..."

போன் அடித்தது. ரமணாதான்!

"எங்கப்பா இருக்க? வண்டிய நிறுத்து! எல்லாரையும் கீழ எறக்கு!"

"மெக்கானிக் ஷெட்ல இருக்கறேன் சார். சத்தத்துல போன் கேக்கல. ரெகுலேட்டர் மாத்திக்கினு இருக்காங்க. வீட்ல இருக்கறவங்கள பஸ்ல ஏத்தி அனுப்பிட்டேன்."

ஜெயச்சந்திரன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "உனக்கு... எப்டித் தெரியும்?"

"நான் டிரைவர் சார். உங்க வீட்ல பானட்ட தொறந்தப்பவே வாசன வந்துச்சி."

"அப்பவே சொல்லி இருக்கலாமே?"

"சொன்னா, வெலையக் கொறைக்கப் பொய் சொல்றேன்னு நெனப்பீங்க. நான் வேணாம்னு போயிட்டா, மறுபடி நீங்க அதத்தான் ஓட்டுவீங்க. ஸ்கூலுக்குப் போக யூனிபார்ம் போட்டுக்கினு உங்க பாப்பா வேற பின் சீட்ல உக்காந்துக்கினு இருந்துச்சி. அதான் பேசாம எடுத்துக்கினு வந்துட்டேன்."

ஜெயச்சந்திரன் நிமிர்ந்து வரலட்சுமியைப் பார்த்தார்.

"நீங்க மனசு கஷ்டப்படாதீங்க சார். உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தா பெத்த பொண்ண அந்த வண்டியில உக்கார வெப்பீங்களா?"